மகா சபையிலே: அலபாமா, மிசிசிப்பி பயண நாட்குறிப்பு

முதல் நாள், அட்லாண்டா

மகள் வீட்டுக்கு வந்து ஆறு வாரமாகிறது. "நயாகரா போவோமா, டிஸ்னி போவோமா" என்று அவள் கேட்டபோது அலபாமா என்றேன், கறுப்பின மக்கள் உரிமைக்குப் போராடிய ஊர்களைப் பார்க்க. மருமகன் சிரித்துவிட்டார். "அங்க பருத்திக்காடும் வெயிலும்தான் மாமா இருக்கு." அவருக்கு லீவு இல்லை. மகள் கார் ஓட்ட, நானும் வீட்டம்மாவும் பின்னால் புளிச்சோற்றுத் தூக்கோடும் மரச்சீனி வத்தலோடும் கிளம்புவதாக ஏற்பாடு. ஐந்து நாள். தினமும் இரவு எழுதிப் போடுகிறேன், படிக்கிறவர்கள் படியுங்கள்.

இன்றைக்கு ஊருக்குள்ளேயே, ஆபர்ன் அவென்யூவில் இருக்கிற பழைய எபெனேசர் பாப்டிஸ்ட் கோயில். "எபெனேசர்னா எங்க பெரியமாமா பேருல்லா" என்றாள் இவள், என் வீட்டம்மா. எங்கள் நாகர்கோவில் பக்கம் தெருவுக்கு நாலு எபெனேசர் உண்டு. 'இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்' என்று சாமுவேல் நட்டுவைத்த கல்லின் பேர். மார்ட்டின் லூதர் கிங்கின் தாத்தாவும் அப்பாவும் பிரசங்கம் செய்த கோயில் இது, கடைசியில் அவரும் இங்கேதான் இருந்தார். உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தால் அவர் குரல் ஒலிப்பதிவில் ஓடிக்கொண்டே இருக்கிறது. முன்னால் ஆர்கன். கிங் சுடப்பட்டு ஆறு வருஷம் கழித்து, 1974 ஜூன் 30, ஞாயிறு ஆராதனையில், ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த அவருடைய தாயார் ஆல்பர்ட்டாவையும் இதே கோயிலுக்குள் ஒருவன் சுட்டுக் கொன்றான். முப்பது வருஷம் பாடகர் குழுவில் நின்ற இவள் அந்த ஆர்கனைவிட்டு நகரவில்லை.

இதே கோயிலில் 1965 ஜூலை 4-ல் கிங் ஒரு கதை சொன்னார். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் நடந்த கதை. 1959-ல் மனைவியோடு இந்தியா வந்திருந்தபோது திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் படித்த பள்ளி. தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தும்போது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிற நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்றாராம். முதலில் சுருக்கென்று தைத்தது என்கிறார் கிங். பிறகு தன் நாட்டில் இரண்டு கோடிக் கறுப்பர்கள் வறுமைக்குள் அடைபட்டிருப்பதை நினைத்துப் பார்த்து, ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாராம்.

அந்தப் பயணத்தில் கன்னியாகுமரிக்கும் வந்தார். ஒரு பக்கம் சூரியன் கடலில் இறங்க மறுபக்கம் நிலா எழுவதைப் பார்த்ததைப் பின்னால் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். அந்தக் கடற்கரையில் நான் எத்தனையோ தடவை வறுத்த கடலை தின்றிருக்கிறேன். இப்படி ஒருத்தர் வந்து நின்ற இடம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வாத்தியார் நானும் என் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை.

இரண்டாம் நாள், பர்மிங்ஹாம்

நூற்றைம்பது மைல். வழியில் சொல்ல ஒன்றும் இல்லை, பைன் மரம், பைன் மரம், பைன் மரம்.

கெல்லி இங்ராம் பூங்காவில் ஒரு நடைபாதை. இருபக்கமும் இரும்புச் சுவர், சுவர்களிலிருந்து பல்லைக் காட்டிப் பாய்கிற நாய்கள். வார்ப்புச் சிலைகள்தான். ஆனாலும் நடுவில் நடந்துதான் அந்தப் பக்கம் போக வேண்டும். நடக்கும்போது கை தானாக நெஞ்சுக்கு வந்துவிட்டது. எனக்கு அறுபத்தெட்டு வயது. 1963 மே மாதம் நிறப் பாகுபாட்டை எதிர்த்து இங்கே நடந்தவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். மே 2-ஆம் தேதி எதிரே இருக்கிற பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் கோயிலிலிருந்து கும்பல் கும்பலாகப் பாடிக்கொண்டே வெளியே வந்தார்கள், வரவரக் கைது. நூற்றுக்கணக்கில் பிள்ளைகள் ஜெயிலுக்குள். மறுநாள் தீயணைப்புக் குழாயும் நாயும். பெரியவர்கள் வேலை போய்விடும் என்று தயங்கியதால்தான் பிள்ளைகள் வந்தார்கள் என்பதை இங்கே மறைப்பதில்லை. பிள்ளைகளை இறக்கியது சரியா என்று அப்போதே சண்டை நடந்திருக்கிறது. என்னைக் கேட்டால்? நான் அனுப்பியிருக்கமாட்டேன். அனுப்பாத நான் வீட்டிலும் இருந்திருப்பேன்.

என்னை நிறுத்திவைத்தது ஒரு அட்டை. ஊர்வலத்தில் சேருகிறவர்கள் கையெழுத்திட்ட உறுதிமொழி, பத்துக் கட்டளை என்றே பேர். முதலாவது, தினமும் இயேசுவின் போதனையையும் வாழ்வையும் தியானிக்க வேண்டும். இரண்டாவது, நாம் தேடுவது நீதியும் ஒப்புரவும், வெற்றி அல்ல. பின்னால் ஒன்று, கையாலும் நாக்காலும் மனசாலும் வன்முறை செய்யாதிருக்க வேண்டும். கையை அடக்கிவிடலாம், மனசை? கீழே இன்னொரு பகுதி. ஊர்வலம் தவிர வேறு என்ன செய்ய முடியும் என்று கேட்டு, எடுபிடி வேலை, கார் ஓட்டுவது, சமையல், எழுத்து வேலை, டெலிபோன் என்று வரிசை. தைரியத்துக்கு ஒரே அளவில் சட்டை தைத்து எல்லோருக்கும் மாட்டவில்லை. பயந்தவனுக்கும் ஒரு வேலை வைத்திருந்தார்கள்.

கோயிலுக்குள் போனோம். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை 10:22-க்கு வெள்ளை இனவெறியர் வைத்த குண்டு வெடித்து நாலு பெண்பிள்ளைகள் இறந்தார்கள். ஆடி மேய் காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன் மூவருக்கும் 14 வயது, டெனிஸ் மெக்நேருக்கு 11. அன்றைய பாடத்தின் தலைப்பு 'மன்னிக்கும் அன்பு'. ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னலில் இருந்த கிறிஸ்துவின் முகம் மட்டும் பெயர்ந்து விழுந்தது. பிற்பாடு வேல்ஸ் நாட்டு மக்கள் சில்லறையாகச் சேர்த்த காசில் வேறொரு ஜன்னல் வந்தது. ஜான் பெட்ஸ் செய்தது. கறுப்புக் கிறிஸ்து. கை இரண்டும் விரிந்திருக்கின்றன, ஒரு கை தள்ளுகிறது, மறு கை கொடுக்கிறது. கீழே, எனக்கே செய்கிறீர்கள் என்கிற மத்தேயு 25-ஆம் அதிகாரச் சொல். இவள் உதட்டுக்குள் அந்த வசனத்தை முழுதாகச் சொல்லி முடித்தாள். குண்டு வைத்தவர்களில் முதல் ஆளுக்குத் தண்டனை கிடைத்தது 1977-ல். அடுத்த இருவருக்கு 2001-லும் 2002-லும். பிள்ளைகளைப் பெற்றவர்கள் அதுவரை இந்த ஊரில்தான் கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்திருப்பார்கள்.

சாயங்காலம் காலிஜ்வில் பக்கம். பிரெட் ஷட்டில்ஸ்வொர்த் போதகராக இருந்த பெத்தேல் பாப்டிஸ்ட் கோயில். கிங்கைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு, இவரை நம் பக்கம் யாருக்குத் தெரியும்? 1956 கிறிஸ்துமஸ் இராத்திரி. மறுநாள் பேருந்தில் வெள்ளையர் இருக்கைகளில் உட்காரப்போவதாகச் சொல்லியிருந்தார். படுத்திருந்த கட்டிலுக்குக் கீழே தரையைப் பெயர்த்தது குண்டு. வீடு சரிந்தது, மனுஷன் எழுந்து நடந்து வந்தார். அங்கே நின்ற ஒரு போலீஸ்காரர், நானாக இருந்தால் உடனே ஊரைவிட்டுப் போய்விடுவேன் என்றார். நீங்கள் நானில்லை, இதிலிருந்து கர்த்தர் என்னைக் காத்தார் என்றால் நான் இங்கேயே இருப்பதற்காகத்தான் என்று பதில் சொல்லிவிட்டு, மறுநாள் சொன்னபடி பேருந்தில் ஏறினார்.

"அது தைரியமா, பைத்தியமாப்பா?" என்று கேட்டாள் மகள். அந்த ஊர்க்காரர்களிலும் பாதிப்பேர் இரண்டாவதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

இதே பர்மிங்ஹாம் சிறையிலிருந்துதான் கிங்கின் கடிதம். 1963 புனித வெள்ளியன்று பிடித்தார்கள். அன்றைக்கே எட்டு வெள்ளை மதகுருமார் ஓர் அறிக்கை விட்டார்கள். ஆர்ப்பாட்டம் அவசரப்பட்டது, காலத்துக்கு ஒவ்வாதது, நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும் என்கிற தோரணை. கெட்டவர்கள் இல்லை, ஆயர்கள், ஒரு ரபி. கிங் செய்தித்தாளின் ஓரத்தில் பதில் எழுதத் தொடங்கினார். வெறிபிடித்த கூட்டத்தைவிட, நீதியைக் காட்டிலும் ஒழுங்கை விரும்புகிற மிதவாதிதான் பெரிய தடை என்று அதில் ஓர் இடம். முன்பு படித்தபோது அது அமெரிக்கர்களைப் பற்றிய வரி என்று நினைத்துக் கடந்துவிட்டேன். நாளைக்கு எழுதுகிறேன். கண் சொக்குகிறது.

மூன்றாம் நாள், மாண்ட்கமரி

காலையில் விடுதியில் கிரிட்ஸ் கொடுத்தார்கள். வெள்ளைச் சோளக் கஞ்சிதான். இவள் பையிலிருந்து ஊறுகாயை எடுத்தாள், பிரச்சினை தீர்ந்தது.

கிங் போதகராக இருந்த டெக்ஸ்டர் அவென்யூ கோயில் சிறியது. செங்கல் கட்டடம். வாசற்படியில் நின்று வலப்பக்கம் திரும்பினால் மாகாணத் தலைமைச் செயலகத்தின் வெள்ளைக் கும்மட்டம் கண்ணில் இடிக்கிறது. அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென் மாகாணங்களின் தலைவராக ஜெபர்சன் டேவிஸ் 1861-ல் பதவியேற்ற படிக்கட்டு அதுதான். அதற்கு முன்னால் இந்தச் செங்கல் கோயில்.

பேருந்துப் புறக்கணிப்பின் கதை உங்களுக்குத் தெரியும். 1955 டிசம்பர் 1-ல் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க ரோசா பார்க்ஸ் மறுத்தார். அவரும் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் சபையில் ஊறியவர். அதே வருஷம் மார்ச்சில் க்ளாடெட் கால்வின் என்ற பதினைந்து வயதுப் பெண்ணும் மறுத்துக் கைதானாள், அவளை ஊர் கொண்டாடவில்லை. டிசம்பர் 5-ல் தொடங்கி 381 நாள் பேருந்தில் ஏறாமல் இருந்தார்கள். 381 நாள் என்று எழுதுவது சுலபம். ஐம்பது வயதுக்குமேல் வீட்டுவேலை செய்கிற பெண்பிள்ளை காலையில் மூணு மைல், மாலையில் மூணு மைல் நடப்பது என்று யோசித்துப் பார்க்க வேண்டும். கோயில்களின் பேர் எழுதிய ஸ்டேஷன் வேகன்கள் ஓடின, உருளும் கோயில்கள் என்று அவற்றுக்குப் பேர். உள்ளூர்க் காப்பீட்டை ரத்துசெய்தார்கள், லண்டன் லாயிட்ஸ் வரைக்கும் போய்க் காப்பீடு வாங்கினார்கள். பெட்ரோலுக்குக் காசு? அங்கேதான் ஜார்ஜியா கில்மோர் வருகிறார். உணவகச் சமையல்காரி. பொரித்த கோழி, மீன், பை, கேக் என்று சமைத்து விற்றுக் காசு சேர்க்கிற பெண்கள் கூட்டம் ஒன்றை நடத்தினார். அந்தக் கூட்டத்துக்கு அவர் வைத்த பேர் 'எங்கிருந்தும் வராதோர் சங்கம்'. காசு எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், எங்கிருந்தும் இல்லை என்று பொய் சொல்லாமலே சொல்லலாமே! வாராவாரம் கூட்டத்தில் அவர் பணத்தைக் கொடுக்கும்போது கோயிலே எழுந்து ஆரவாரிக்குமாம். வேலை போனது. தன் வீட்டு அடுப்பிலேயே சமைத்து விற்றார். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்து அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும் ஞாபகம் வந்து இவள் சிரித்தாள். "நாங்க வித்த காசுல கோயிலுக்கு ஃபேன் மாட்டினோம்" என்றாள்.

பத்து மணிக்குத் தெற்கு ஜாக்சன் தெரு, 309-ஆம் எண். கிங் குடியிருந்த போதகர் வீடு. வெள்ளை மரவீடு. முகப்புத் திண்ணையில் குண்டு விழுந்த இடத்தை அடையாளமிட்டு வைத்திருக்கிறார்கள், அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். முன்னறை, சாப்பாட்டறை, படுக்கையறை எல்லாம் கடந்து கடைசியில் சமையலறை. அழைத்துப்போன அம்மையார் அங்கே வந்ததும் குரலைத் தணித்துக்கொண்டார்.

1956 ஜனவரி 27, நள்ளிரவு. முந்தின நாள் வேகமாகக் கார் ஓட்டினார் என்று சாக்குச் சொல்லி முதல்முறையாகக் கைதாகி வந்திருந்தார். அடுத்த அறையில் மனைவி கோரெட்டாவும் பத்து வாரக் குழந்தையும் தூங்குகிறார்கள். டெலிபோன். மூன்று நாளில் ஊரைவிட்டுப் போகாவிட்டால் மண்டையைச் சிதறடித்து வீட்டையும் தகர்ப்போம் என்று ஒரு குரல். அந்த மாதிரி அழைப்பு தினமும் வருவதுதான். அன்றைக்கு மட்டும் தாங்கவில்லை. சமையலறைக்கு வந்து காப்பி போட்டார். கோழை என்று பேர் வராமல் இதிலிருந்து எப்படிக் கழன்றுகொள்வது என்று யோசித்தார். இதை அவரே எழுதியிருக்கிறார், பிறர் கட்டிய கதையில்லை. இருபத்தேழு வயது. காப்பியைக் குடிக்காமல் மேசைமேல் தலை கவிழ்ந்து சத்தமாக ஜெபித்தார். நான் செய்வது சரியென்று நம்புகிறேன், ஆனால் பலம் போயிற்று, தைரியம் போகிறது, ஜனங்கள் என்னைப் பார்த்து நிற்கிறார்கள், நான் விழுந்தால் அவர்களும் விழுவார்கள், தனியாக என்னால் முடியாது. அப்போது உள்ளே ஒரு குரல், நீதிக்காக நில், சத்தியத்துக்காக நில், நான் உன்னோடிருக்கிறேன் என்று. வெளிநிலைமை எதுவும் மாறவில்லை, உள்ளே அமைதி வந்தது என்று எழுதுகிறார்.

மூன்றாம் இரவு, ஜனவரி 30, குண்டு விழுந்தது. அவர் கூட்டத்தில் இருந்தார். வீட்டில் கோரெட்டாவும் குழந்தையும், சபைப் பெண் ஒருவரும். யாருக்கும் காயமில்லை. திரும்பி வந்தால் வாசல் நிறையக் கூட்டம், பலர் கையில் ஆயுதம். உடைந்த திண்ணையில் நின்று, ஆயுதத்தை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், பகைவரை நேசியுங்கள் என்றார்.

இங்கே நிறுத்திவிட்டால் படக்கதை. அதே கிங் அதன்பின் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். கொடுக்க மறுத்துவிட்டார்கள். பிறகு கோரெட்டாவோடு பேசி, வீட்டிலிருந்த துப்பாக்கியும் வேண்டாம் என்று விலக்கினார். சமையலறையில் வந்த குரல் ஒரே இராத்திரியில் எல்லாவற்றையும் முடித்துவைக்கவில்லை. எனக்கு இந்தப் பகுதிதான் ஆறுதலாக இருக்கிறது.

மத்தியானம், வெள்ளையர் கும்பல்கள் விசாரணையின்றித் தூக்கிலிட்டும் அடித்தும் கொன்ற கறுப்பர்களின் நினைவிடம். 2018-ல் திறந்தது. துருவேறிய இரும்புத் தூண்கள் எண்ணூறுக்குமேல், மாவட்டத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் பேர்கள், 4,400-க்குமேல். உள்ளே போகப்போகத் தரை இறங்குகிறது, தூண்கள் தலைக்குமேல் போய்த் தொங்குகின்றன. இதைப் பற்றி என்னால் எழுத முடியவில்லை. அந்தக் கும்பல்களில் நின்றவர்களும் ஞாயிறு கோயிலுக்குப் போனவர்கள்தான் என்பது மட்டும் தலைக்குள் சுற்றுகிறது.

இரவு பதினொன்று. தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

பதினாலு வருஷத்துக்கு முன்னால் நான் எங்கள் சபையின் கமிட்டிச் செயலாளர். வெளியூரிலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம், முறையாகச் சந்தா கட்டுகிறவர்கள், அந்த வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டார்கள். கமிட்டி கூடியது. யாரும் சாதிப் பேரை வாயால் சொல்லவில்லை. "பழைய குடும்பங்களுக்கே இடம் பத்தல" என்றார் ஒருவர். "பிறகு எல்லாரும் கேப்பாவ" என்றார் இன்னொருவர். மூன்று பேர் கண் என்மேல் இருந்தது, நான் வாத்தியார், நான் சொன்னால் கொஞ்சம் எடுபடும். நான் பேனாவை எடுத்து மினிட்ஸ் புத்தகத்தில் எழுதினேன்: 'இடப்பற்றாக்குறை காரணமாகக் கோரிக்கை ஏற்க இயலவில்லை.' கையெழுத்து அழகாக இருந்தது. அவரைப் பஞ்சாயத்துச் சுடுகாட்டு ஓரத்தில் அடக்கம் செய்தார்கள். என்னை யாரும் டெலிபோனில் மிரட்டவில்லை. என் வீட்டில் குண்டு விழாது. அடுத்த கமிட்டித் தேர்தலில் ஓட்டு குறையும், அவ்வளவுதான்.

இது இவளுக்கும் தெரியாது. இப்போது படித்தால் தெரிந்துகொள்வாள்.

நான்காம் நாள், செல்மா

படித்துவிட்டாள். காரில் ஐம்பது மைல் ஒன்றும் பேசவில்லை. நெடுஞ்சாலை 80. 1965 மார்ச்சில் செல்மாவிலிருந்து மாண்ட்கமரிக்கு நடந்த 54 மைல் பாதையில் நாங்கள் எதிர்த்திசையில் போகிறோம்.

ஊர் சோர்ந்திருக்கிறது. 2023 ஜனவரியில் அடித்த சூறாவளியில் கூரை போன வீடுகளில் சிலவற்றுக்கு இன்னும் நீலத் தார்ப்பாய்தான். நடைப்பயணம் கிளம்பிய பிரவுன் சேப்பல் கோயிலை வெளியே நின்று பார்த்தோம், இரட்டைக் கோபுரம். அன்றைக்கு இந்த மாவட்டத்தில் பாதிக்குமேல் கறுப்பின மக்கள், வாக்காளர் பட்டியலிலோ அவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான் இருந்தார்கள். பிப்ரவரி 18-ல் பக்கத்து மரியானில், தாயையும் தாத்தாவையும் காக்கப்போன ஜிம்மி லீ ஜாக்சனைக் காவலர் சுட்டார். 26 வயது, பாப்டிஸ்ட் கோயிலின் உதவிக்காரர். எட்டு நாளில் உயிர் போனது. அந்தச் சாவிலிருந்து எழுந்ததுதான் நடைப்பயணம்.

எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைப் படத்தில் பார்த்தால் தெரியாத ஒன்று: அது நடுவில் மேடு. இந்தப் பக்கமிருந்து ஏறும்போது அந்தப் பக்கம் தெரியாது, வானம்தான் தெரியும். உச்சிக்கு வந்த பிறகுதான் இறக்கம் கண்ணில் படும். 1965 மார்ச் 7-ல் அறுநூறு பேர் இரட்டை வரிசையில் ஏறினார்கள், உச்சியில்தான் கீழே நீல நிறத்தில் நின்ற காவலர் வரிசையைப் பார்த்தார்கள். பார்த்த பிறகும் இறங்கினார்கள். நான் உச்சியில் கம்பியைப் பிடித்து நின்றேன். கீழே அலபாமா ஆறு பழுப்பாக ஓடுகிறது. லாரி போனால் பாலம் அதிர்கிறது.

முன்வரிசையில் ஜான் லூயிஸ், 25 வயது. முதுகுப்பையில் இரண்டு புத்தகம், ஓர் ஆப்பிள், ஓர் ஆரஞ்சு, பல்துலக்கும் பிரஷ். ஜெயிலுக்குப் போகத் தயாராக வந்திருந்தார், அடிக்குத் தயாராக அல்ல. சிறுவயதில் வீட்டுக் கோழிகளுக்குப் பிரசங்கம் செய்தவர். கலைந்துபோக இரண்டு நிமிடம் என்றார் அதிகாரி. முழங்காலிட்டு ஜெபிக்கலாம் என்று பின்வரிசைக்குச் சொல் போய்க்கொண்டிருக்கும்போதே பாய்ந்துவிட்டார்கள். லூயிஸின் மண்டையோட்டில் விரிசல். அந்தத் தலையோடு கோயிலுக்குத் திரும்பி, கூட்டத்தில் பேசிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்.

இந்தப் பொறுமை வானத்திலிருந்து விழவில்லை. நாஷ்வில்லில் ஒரு மெதடிஸ்ட் கோயிலின் கீழறையில் ஜேம்ஸ் லாசன் நடத்திய வகுப்பில் லூயிஸ் மாணவர். நாற்காலியில் உட்காரவைத்து ஏசுவார்கள், தள்ளுவார்கள், சிகரெட் புகையை முகத்தில் ஊதுவார்கள், திருப்பி அடிக்காமல் எப்படித் தலையைக் காப்பது என்று பழக்குவார்கள். வாய்ப்பாடு மாதிரி. இந்த லாசன் மூன்று வருஷம் நாக்பூரில் ஹிஸ்லாப் கல்லூரியில் வேலை பார்த்தவர். மாண்ட்கமரிப் புறக்கணிப்புச் செய்தியை அங்கே உள்ளூர்ப் பத்திரிகையில் பார்த்துத் துள்ளியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து மார்ச் 9-ல் கிங் கூட்டத்தை நடத்திவந்தார். நீதிமன்றத் தடை இருந்தது. பாலத்தின் அந்தப் பக்கம் முழங்காலிட்டு ஜெபித்துவிட்டுத் திரும்பினார். திரும்பவும் தைரியம் வேண்டும் என்று எழுதிவிடலாம், பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அன்றைக்குக் கோபப்பட்ட இளைஞர்கள் பக்கம்தான் மனம் போகிறது. சொல்லாமல் திருப்பினால் யாருக்குத்தான் கோபம் வராது? கிங்கின் அழைப்பைக் கேட்டு பாஸ்டனிலிருந்து வந்திருந்த ஜேம்ஸ் ரீப் என்ற வெள்ளைப் போதகரை அன்றிரவே தெருவில் அடித்தார்கள், இரண்டு நாளில் இறந்தார். மார்ச் 21-ல் மூன்றாம் முறை கிளம்பி, 25-ல் மாண்ட்கமரி சேர்ந்தபோது இருபத்தைந்தாயிரம் பேர். ஆகஸ்ட் 6-ல் வாக்குரிமைச் சட்டம்.

பாலத்திலிருந்து இறங்கும்போதுதான் இவள் வாயைத் திறந்தாள். "அந்தப் பெரியவருக்க மக ஒருத்தி என்கூட சண்டே ஸ்கூல்ல பாடம் எடுத்தா. பிறகு ஏன் வரலன்னு நான் ஒருநாளும் கேக்கல்ல."

அவ்வளவுதான் சொன்னாள். நான் வத்தல் பொட்டலத்தை நீட்டினேன், வாங்கவில்லை.

ஐந்தாம் நாள், வினோனா வழியாக ரூல்வில்

நீண்ட நாள், ஐந்து மணி நேரத்துக்கு மேல் கார். மிசிசிப்பிக்குள் வந்து வினோனாவைத் தாண்டியதும் நிலம் தோசைக்கல் மாதிரி தட்டையாகிவிடுகிறது. பருத்தி எடுப்புக் காலம், சாலையோரமெல்லாம் வெள்ளைப் பஞ்சு ஒட்டிக்கிடக்கிறது.

பேனி லூ ஹேமர் இங்கே இருபது பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்து, ஆறு வயதில் பருத்தி பறிக்கத் தொடங்கியவர். கறுப்பர்கள் வாக்களிக்கலாம் என்பதையே 1962-ல் ரூல்வில் கோயிலில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் கேள்விப்பட்டார். அப்போது 44 வயது. ஆகஸ்ட் 31-ல் பதினேழு பேரோடு பேருந்தில் இண்டியனோலாவுக்குப் பதிவு செய்யப் போனார். சட்டத்தில் ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொன்னார்கள். குதிரைக்குக் கிறிஸ்துமஸ் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் தனக்கு அந்தச் சட்டத்தைப் பற்றித் தெரியும் என்று பின்னால் சொல்வார். திரும்பும்போது, பேருந்து அளவுக்கு மீறி மஞ்சளாக இருக்கிறது என்று அபராதம்! பயந்து கிடந்த அந்த வண்டிக்குள் ஒரு குரல் பாடத் தொடங்கியது, ஹேமருடையது. வீடு வந்தால் தோட்டத்து முதலாளி நிற்கிறார், பதிவை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் வெளியேறு என்று. உங்களுக்காகப் பதியப் போகவில்லை, எனக்காகப் போனேன் என்றார். பதினெட்டு வருஷம் வேலை பார்த்த இடம், அன்றிரவே வெளியே.

வினோனாவில் பெட்ரோல் போட நின்றோம். சிறைக்கூடம் இருந்த இடத்தைத் தேடிப்போக எனக்கு மனம் வரவில்லை. 1963 ஜூன் 9-ல், பயிற்சி முடிந்து திரும்பும் வழியில், இந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் ஹேமரையும் கூட வந்தவர்களையும் பிடித்தார்கள். இரண்டு கறுப்புக் கைதிகளை மிரட்டி, அவர்கள் கையாலேயே அடிக்க வைத்தார்கள். ஹேமரின் சிறுநீரகம் கெட்டது, கண்பார்வை மங்கியது. அந்தக் கொட்டடியிலும் பாடினார்கள். நான்காம் நாள், ஜூன் 12-ல் வெளியே வந்தபோது, அன்றைக்குத்தான் ஜாக்சன் நகரில் கறுப்பர் உரிமைத் தலைவர் மெட்கர் எவர்ஸ் சுடப்பட்டிருந்தார்.

ஹேமரைத் தேவதையாக்க வேண்டாம். படுக்கையறையின் ஒவ்வொரு மூலையிலும் துப்பாக்கி வைத்திருக்கிறேன் என்று சொன்னவரும் அவர்தான். பகை பாராட்டினால் நாம்தான் நோயாளியாவோம் என்று சொன்னவரும் அவர்தான். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடிந்த மனுஷி.

சாயங்காலம் ரூல்வில். சிறிய தோட்டம், கையில் ஒலிவாங்கியோடு வெண்கலச் சிலை, பக்கத்தில் அவரும் கணவரும் அடக்கமான கல்லறைகள். கல்லில் அவருடைய அந்தப் பேர்பெற்ற வாக்கியம், சலித்துச் சலித்தே சலித்துப்போனேன் என்று. எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. தூரத்தில் பருத்தி எடுக்கிற எந்திரத்தின் சத்தம்.

நான் படித்துவைத்திருந்த ஒன்றை மகளுக்குச் சொன்னேன். வினோனாவில் அடிபட்டுக் கிடந்தபோது ஜெயிலருடைய மனைவி தண்ணீர் கொடுத்தாளாம், தானும் கிறிஸ்தவளாக வாழப் பார்ப்பதாகச் சொன்னாளாம். ஹேமர் அவளை ஏசவில்லை. வீட்டுக்குப் போய் இரண்டு வசனம் எடுத்துப் படி என்று எண் கொடுத்தார். அப்போஸ்தலர் 17:26, நீதிமொழிகள் 26:26.

கல்லறைப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து இவள் கைப்பையிலிருந்து வேதப்புத்தகத்தை எடுத்தாள். முதலாவதை எடுக்கத் தேவையே இருக்கவில்லை. "மனுஷஜாதியான சகல ஜனங்களையும் அவர் ஒரே இரத்தத்தினாலே தோன்றப்பண்ணி…" என்று பார்க்காமலே சொன்னாள். இரண்டாவதுக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் புரட்டினாள்.

"பகையை வஞ்சகமாய் மறைத்துவைக்கிறவனெவனோ, அவனுடைய பொல்லாங்கு மகா சபையிலே வெளிப்படுத்தப்படும்."

வாசித்துவிட்டு விரலை அந்த வரியில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள்.

"அந்த மினிட்ஸ் புஸ்தகம் இப்ப யாருகிட்ட இருக்கு?"

"கோயில் அலமாரியில. சாவி செக்ரட்டரிகிட்ட."

"ஊருக்கு எப்ப டிக்கெட் போட்டிருக்கியோ?"

"பதினெட்டாந் தேதி" என்றேன். மகள் காரைத் திருப்பி நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தாள்.